மூன்றாம் கசத்தில் முனியராஜ்

உயிர் உள்ளவரை வாளியைத் தாண்டிக் குளிப்பதில்லை என்று நான் தீர்மானம் எடுத்துப் பல வருஷம் ஆகிறது. வாளித் தண்ணீர் நல்ல தண்ணீர். அதற்கு அடி தெரியும். அதற்குள் நான் விழ முடியாது. வேண்டுமானால் அது என்மேல் விழலாம்.

இதை எங்கள் பக்கத்தில் யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். சிவகாசியைச் சுற்றிப் பிறந்தவனுக்கு நெருப்புதான் பங்காளி. தண்ணீர் தூரத்துச் சொந்தம். வருஷத்துக்கு ஒருமுறை வரும். வந்தாலும் ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம்கூட நிற்காது. நான் பட்டாசுக் கம்பெனியில் இராக்காவல் பார்க்கிறேன். சுற்றிலும் அறை அறையாக வெடிமருந்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் முனியராஜ் ஆகிய நான். ஒருநாளும் பயந்தது கிடையாது. ஆனால் வெம்பக்கோட்டை அணையைப் பஸ் கடக்கும்போது ஜன்னலோரத்து இருக்கையிலிருந்து எழுந்து உள்பக்கம் போய் நின்றுகொள்வேன். அணை முக்கால்வாசி நாள் காய்ந்துதான் கிடக்கும். இருந்தாலும் எப்போது நிறையும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த இராக்காவலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெடிப்பதற்கென்றே செய்த பொருள்களெல்லாம் சத்தமில்லாமல் தூங்குகிற இடத்தில் ஒருவன் மட்டும் விழித்திருப்பது ஒரு சுகம். கொஞ்சம் துக்கமும் உண்டு, அது எனக்கு ஒத்துக்கொள்ளும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் வெடிக்குழாய் உருட்ட வரும் பழைய காகிதக் கட்டில்தான். விடைத்தாள், பாடப்புத்தகம், வார இதழ் எல்லாம் வரும். எதுவும் முழுசாக வராது. திமிங்கிலம் எப்படித் தூங்கும் என்று ஒரு பக்கம் கிடைக்கும். எப்படி எழுந்திருக்கும் என்ற பக்கம் ஏதோ ஒரு சரவெடிக்குள் போயிருக்கும். ஒருமுறை 'நீரில் மூழ்குகிறவனின் முதல் நிமிடம்' என்று ஒரு தாள் கிடைத்தது. படித்துவிட்டு அடுத்த தாளைத் தேடித் தேடிப் பார்த்தேன். இரண்டாவது நிமிடம் கிடைக்கவே இல்லை.

இப்போது பொன்மணி. என் மனைவி. அதே கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறாள். காலையில் நான் வேலை முடிந்து வரும்போது அவள் வேலைக்குக் கிளம்பி வாசலில் நிற்பாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். வீட்டுச் சாவியை என் கையில் வைத்து, "ரசம் அடுப்புல இருக்கு" என்பாள். சாயங்காலம் அவள் வரும்போது நான் கிளம்பி நிற்பேன். சாவியை அவள் கையில் வைத்து, "தண்ணி வரல" என்பேன். எங்கள் இல்லறம் ஒரு சாவியின் நீளம். மகள் ஓவியா மதுரைக்கு விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு அந்தச் சாவிக்கு நடுவில் வேறு யாரும் இல்லை.

தீபாவளி முடிந்து கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். சீசன் முடிந்தால் சில நாள் எங்கள் ஊரே மூச்சு விடும். காவல் காக்கச் சரக்கு இல்லாததால் எனக்கும் லீவு. பகலில் வீட்டில் உட்கார்ந்து பொன்மணியின் எதிரே சாப்பிட வேண்டிய நிலைமை. அங்கேதான் வந்தது வினை.

"பகல் கேட்டுல நிக்கிற பெரியவரு வேலைய விடுறாராம்" என்றாள்.

"நல்ல மனுசன்" என்றேன்.

"அந்த எடத்துக்கு ஆள் தேடுறாக."

"கெடைப்பாக."

"ஒங்களத்தான் கேக்குறாக."

நான் முருங்கைக்காயைக் கவனமாகச் சப்பினேன். ஒரு மனிதனுக்கு யோசிக்க அவகாசம் கொடுக்கும் காய் அது ஒன்றுதான். "எனக்குப் பகல் ஒத்துக்காது பொன்மணி. வெயிலு" என்றேன்.

"வெயிலு ஒத்துக்காதவுக விருதுநகர் ஜில்லாவுல ஏன் பெறந்தீக?"

இதற்கு எந்தக் காகிதக் கட்டிலும் பதில் கிடைத்ததில்லை. நான் அடுத்த முருங்கைக்காயை எடுத்தேன்.

அன்று தொடங்கியது. பல் விளக்கும்போது பகல் வேலை. துவைத்த வேட்டியை உதறும்போது பகல் வேலை. பக்கத்து வீட்டுச் சேவலைப் பார்த்து, "அதுகூட ராத்திரி கூட்டுக்குள்ள அடையுது" என்று ஒரு பேச்சு. காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் பஞ்சைப் பற்றிப் பேசினாள். கடைசியில் ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஒரு பேச்சு வச்சுக்கிடுவோம். கம்பெனிப் பொம்பளைகள்லாம் ஏழு கன்னிமார் அருவிக்குப் போறோம். வேன் பேசியாச்சு. நீங்களும் வாரீக. மூணாவது கசத்துல தல முங்கக் குளிக்கிறீக. குளிச்சிட்டீகன்னா, அதுக்குப் பெறகு பகல் வேலையப் பத்தி நான் ஒத்த வார்த்த பேச மாட்டேன்."

"குளிக்கலன்னா?"

"திங்கக்கிழம காலையில பகல் கேட்டுல நிப்பீக."

கசம் என்றால் தெரியுமல்லவா? அருவி விழுந்து விழுந்து பாறையைக் குடைந்து வைத்திருக்கும் ஆழமான குழி. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மேற்கே மலையடிவாரத்தில் இருந்து ஏறினால் அப்படி ஏழு கசம் வரிசையாக இருக்கின்றன. கன்னிமார் ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. மூன்றாவது கன்னி கொஞ்சம் கோபக்காரி என்று கேள்வி.

"சத்தியமா பேச மாட்டியா?" என்றேன்.

"மாரியாத்தா மேல சத்தியம்."

பொன்மணி ஆத்தா மேல் சத்தியம் செய்தால் மீற மாட்டாள். அது ஊருக்கே தெரியும். ஆகவே எனக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, இரவை இழப்பது. இன்னொன்று, உயிரை இழப்பது. இரண்டையும் இழக்காமல் ஒரு மூன்றாவது வழியைப் பின்மதியத் தூக்கத்தில் கண்டுபிடித்தேன்.

விசில்.

பட்டாசுக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. மின்னல் வெட்டினாலோ இடி இடித்தாலோ காவல்காரன் மூன்று விசில் கொடுப்பான். கேட்ட மறுகணம் கையில் இருப்பதை அப்படி அப்படியே வைத்துவிட்டு, கூரைக்கு அடியிலிருந்து வெளியேறி, எல்லாரும் திறந்த களத்துக்குப் போய்விட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. இது எங்கள் ஆள்களின் காலில் எழுதிய விதி. மூளைக்குத் தெரியும் முன்னால் கால் கிளம்பிவிடும். காவலுக்கு வருமுன் நானும் அங்கே குழாய் உருட்டியவன்தான். கல்யாணப் பந்தியில் இடி இடித்து, பாதி இலையில் எழுந்து பந்தலுக்கு வெளியே போய் நின்ற கூட்டம் நாங்கள்.

ஆக, கசத்தில் இறங்கும் நேரம் பார்த்து மூன்று விசில். பெண்கள் அத்தனை பேரும் மலையைவிட்டு இறங்கிவிடுவார்கள். வானிலை சரியில்லை, குளியல் ரத்து. நான் மறுத்ததாகவும் ஆகாது. தோற்றதாகவும் ஆகாது. மறுவருஷம் பார்த்துக்கொள்ளலாம். விசிலைத் துண்டுக்குள் சுருட்டிப் பையின் அடியில் வைத்தேன். பொன்மணி அப்போது அடுப்படியில் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

வேனில் ஆண் என்று நானும் டிரைவரும் மட்டும். என் பக்கத்தில் அழகுமீனா. பொன்மணியோடு ஒரே அறையில் வேலை பார்ப்பவள். அவள் பேச ஆரம்பித்தால் ரேடியோ வெட்கப்படும். வழி நெடுக அவள் வீட்டுக்காரர் சோலைமலையின் குறட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஓடு ஆடுது அண்ணே. பல்லி விழுந்துருச்சு. ராத்திரிங்கிற ஒண்ணு இல்லாம இருந்தா அவரு தங்கமான மனுசன்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலில் மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் உச்சி தெரியவில்லை. கருமேகம் உட்கார்ந்திருந்தது. என் திட்டத்துக்கு மேகம் நல்லதுதான். ஆனாலும் அது உட்கார்ந்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடிவாரத்தில் வனக்காவலர் ஒருவர் தடுத்தார். ஆண்டிச்சாமி என்று பெயர் சொன்னார். என் பையைத் தடவிப் பார்த்து, "தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார். ஆயுசு பூராவும் நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. முதல்முறையாக என்னை ஒருவர் கேட்கிறார். கண் கலங்கிவிட்டது. நானும் காவல்காரன்தான் என்றேன். அந்தப் பாசத்தில் அவர் எனக்குத் தனியாகச் சில தகவல்கள் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

யானை போன பாதை, கூட்டமாகப் போங்கள் என்றார். தண்ணீர் நிறம் மாறினால், மேலே காட்டுக்குள் மழை பெய்கிறது என்று அர்த்தம், உடனே கரையேறிவிடுங்கள் என்றார். நான் மெதுவாக மூன்றாவது கசத்தைப் பற்றி விசாரித்தேன்.

"அதுக்கு அடி கெடையாது அண்ணாச்சி. இங்கன போட்ட எலுமிச்சம்பழம் வெம்பக்கோட்ட அணையில போயி மெதக்கும்."

"ஆள் விழுந்தா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "ஆளும் அங்கனதான். கொஞ்சம் லேட்டாகும்."

ஏறினோம். பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனியில் செருப்பில்லாமல் நடந்து பழகிய பாதங்கள். பாறையைத் தரை மாதிரி மிதித்துப் போனார்கள். நான் மட்டும் செருப்போடு வழுக்கி, வேரைப் பிடித்து, அது வேர்தானா என்று பார்த்து, விட்டு, மறுபடி பிடித்து ஏறினேன். வழியில் யானைச் சாணம் கிடந்தது. அதிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. "இப்பத்தான் போயிருக்கு" என்றாள் ஒருத்தி, பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி. காடு சத்தமில்லாமல் இருந்தது. எங்கள் கம்பெனியின் அமைதி வேறு. அது தூங்குகிற அமைதி. இது கவனிக்கிற அமைதி. ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. நான் சத்தமாக இருமினேன். என் இருமல் எங்கோ போய் வேறொருவன் இருமலாகத் திரும்பி வந்தது. அதன் பிறகு இருமவில்லை.

பிறகு அந்த ஓசை. முதலில் தூரத்து லாரி மாதிரி. பிறகு நிறைய லாரி மாதிரி. பிறகு காதில் இல்லை, நெஞ்செலும்பில் கேட்டது.

முதல் கசம் கணுக்கால் அளவு. அடியில் கூழாங்கல் தெரிந்தது. நட்பான தண்ணீர். நான் பெருவிரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டேன். இரண்டாவது கசம் இடுப்பளவு. பெண்கள் சேலையோடு அதில் இறங்கி, சின்னப் பிள்ளைகளாகி, ஒருத்தி தலையை ஒருத்தி அமுக்கினார்கள். வருஷம் பூராவும் விரல் நுனியில் அலுமினியப் பொடி மினுங்கிய கைகள் அன்று வெறும் தண்ணீராக மினுங்கின.

மூன்றாவது கசம் அதற்கு மேலே. ஏறிப் போய்ப் பார்த்தேன். கறுப்பு. பாறையின் நிறமா, ஆழத்தின் நிறமா என்று தெரியாத கறுப்பு. ஒரு பக்கம் அருவி விழுந்து வெள்ளையாய் நுரைத்தது. மறுபக்கம் தண்ணீர் அசையவே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பவன் மாதிரி இருந்தது. கரையில் ஒரு பெரிய பாறை கூரைபோல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கூரை என்றால் ஒரு தைரியம். அதற்கு அடியில் போய் எங்கள் பையையும் செருப்புகளையும் வரிசையாக அடுக்கிப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பொன்மணி கசத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் தொங்கப்போட்டாள்.

"வாங்க" என்றாள்.

வேட்டியை மடித்துக் கட்டினேன். அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். சாப்பிட்டவுடன் குளிக்கக் கூடாது என்றேன். இன்னும் சாப்பிடவில்லை என்றாள். வெறும் வயிற்றில் குளிக்கக் கூடாது என்றேன். கீழே இருந்து அழகுமீனா, "அண்ணே, தண்ணி எம்புட்டு நேரம் காத்திருக்கும்?" என்று கேட்டாள். இதற்கு மேல் தாங்காது. குனிந்து பையைத் தேடுவது போலத் தேடி, துண்டுக்குள் இருந்ததை எடுத்து, அதன் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு ஊதினேன். மூன்று முறை.

அடடா, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது கசம் ஒரு நொடியில் காலி. யாரும் கத்தவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒருத்தி பின் ஒருத்தியாகப் பாதையில் இறங்கி மறைந்தார்கள். காவல்காரனின் வாழ்க்கையில் இதைவிடப் பெருமை ஏது? கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது விதி. அழகுமீனா மட்டும் புளியோதரைத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பொன்மணி நகரவில்லை. காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி, இடி இடிக்குது" என்றேன்.

"எங்கன?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

"எனக்குக் கேக்கலையே."

"எனக்குக் கேட்டுச்சு. காவல்காரன் காது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது நிஜமாகவே இடித்தது.

இடி என்றால் சாதாரண இடியா? எங்கள் குடோன் ஒன்று முழுசாகப் போனால் வரும் சத்தம். மலை அதை வாங்கி அடுத்த மலையிடம் கொடுத்தது. நான் நின்றது கூரைக்கு அடியில். என் கால்களுக்கு அது போதும். மூளை, "பொறு" என்று சொல்லும் முன்பே கால் கிளம்பிவிட்டது. கூரையைவிட்டு வெளியே, நேராக, வேகமாக, திறந்த வெளியை நோக்கி. கம்பெனியில் அறைக்கு வெளியே களம் இருக்கும். இங்கே கசம் இருந்தது.

விழுந்ததாகவே தெரியவில்லை. நடந்துகொண்டிருந்தேன், தரை இல்லை, அவ்வளவுதான். குளிர் முதலில் காதுக்குள் புகுந்தது. பிறகு எல்லாச் சத்தமும் நின்றது. அருவி இல்லை, இடி இல்லை. கண்ணைத் திறந்தேன். பச்சையும் கறுப்பும். மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. வாயைத் திறந்து பொன்மணி என்று கூப்பிட்டேன். அந்தப் பெயர் குமிழியாக என் மூக்கின் முன்னால் உருண்டு போனது. எந்தப் பக்கம் போயிற்று என்று பார்க்கத் தோன்றவில்லை. முதல் நிமிடம் அந்தத் தாளில் எழுதியிருந்த மாதிரியேதான் இருந்தது. இரண்டாவது நிமிடத்துக்கு என்னிடம் தாள் இல்லை. வெம்பக்கோட்டை அணையில் நான் மிதப்பதையும், பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரம் வந்து பார்ப்பதையும் தெளிவாகக் கண்டேன். இருட்டு எனக்குப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது என் இருட்டு இல்லை. அங்கே யாருமே காவல் இல்லை.

என் தலைமுடியை ஒரு கை பிடித்தது. மூன்றாவது கன்னி என்று நினைத்தேன். அந்தக் கையில் எவர்சில்வர் வளையல் இருந்தது.

"கால ஊனுங்க" என்றது.

ஊன்றினேன். நின்றேன். தண்ணீர் என் மார்பு வரை இருந்தது.

எதிரே பொன்மணி, கழுத்தளவு தண்ணீரில், என் தலைமுடியைப் பிடித்தபடி நின்றாள். சேலை முந்தானை மிதந்துகொண்டிருந்தது. நான் மூக்காலும் வாயாலும் இருமினேன். "வெளிய வாங்க, இப்ப நெசமாவே இடிக்குது" என்று இழுத்துக்கொண்டு கரையேறி, பாறைக்கடியில் இருந்த பையைத் தோளில் மாட்டி, அருவியைவிட்டுத் தள்ளிப் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கிய பிறகுதான் நின்றாள். அப்போதும் என் மணிக்கட்டை விடவில்லை. அவள் கை நடுங்கியது. பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற கை. நடுங்கக் கூடாத கை. இத்தனை வருஷத்தில் அது நடுங்கி நான் பார்த்ததில்லை.

"விசிலு எடுத்து வச்சத பாத்துட்டியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"லீவுக்குப் போற காவல்காரனுக்கு விசிலு எதுக்கு? 'அவரு விசிலு அடிச்சா நீங்க பாட்டுக்குக் கீழ போயிருங்க'ன்னு எல்லாத்துக்கிட்டயும் காலையிலயே சொல்லி வச்சுட்டேன். ஆளில்லாதப்ப ஒங்கள மெதுவா கையப் பிடிச்சு எறக்கலாம்னு பாத்தேன். நீங்க இப்படி ஓடி வந்து விழுவீகன்னு எனக்கென்ன தெரியும்?"

குளிரில் எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"பயந்துட்டீகளா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆமா" என்றேன். "இருட்டா இருந்துச்சு. யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

அவள் முந்தானையைப் பிழிந்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஓவியா போனதுலேருந்து எனக்கு வீட்டுல தெனமும் அப்படித்தான் இருக்கு. நீங்க கம்பெனிக்குக் காவல் இருக்கீக."

மழை ஆரம்பித்தது. கசத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றிருந்தால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்காமல் இறங்கினேன். வழி முழுக்க அவள் கையை நானும் விடவில்லை. வழுக்கும் பாறை, அதனால்தான்.

கீழே வேனில் பெண்கள் புளியோதரையை முடித்திருந்தார்கள். எங்களுக்கென்று தூக்கின் மூடியில் கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்கள். ஆண்டிச்சாமி என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி சீக்கிரமே வந்துட்டீகளே. அணைக்குப் போகலையா?" என்று விசாரித்தார்.

மலையில் என் மனசு இளகியது உண்மை. அதை மறைக்கவில்லை. பகல் வேலைக்கே போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் வேனில் ஏறி, காய்ந்த வேட்டி கட்டி, அழகுமீனா கொடுத்த சாத்தூர்க் காராச்சேவு நாலு வாய் மென்றதும், வேட்டியைப் போலவே மனசும் காய்ந்துவிட்டது. திடீரென்று ஒரு விஷயம் உறைத்தது. நான் மூன்றாவது கசத்தில் குளித்திருக்கிறேன். தலை முங்க. பேச்சில் சொன்னபடி. எப்படி இறங்கினேன் என்பதா பேச்சு? ஓடி இறங்கக் கூடாது என்று யாராவது சொன்னார்களா?

தொண்டையைக் கனைத்தேன்.

"எல்லாரையும் சாட்சியா வச்சுச் சொல்றேன். நான் மூணாவது கசத்துல தல முங்கிக் குளிச்சேன். இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

பொன்மணி ஜன்னலில் இருந்து திரும்பினாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "குளிச்சீக. நான் கண்ணால பாத்தேன். ஜெயிச்சது நீங்கதான்" என்றாள்.

இவ்வளவு லேசாக விட்டுக்கொடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப, பகல் வேலையப் பத்தி?"

"இனிமே ஒத்த வார்த்த பேச மாட்டேன். ஆத்தா மேல சத்தியம் பண்ணியிருக்கேன்ல?"

என் இரவு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி, காகிதக் கட்டு, எல்லாம். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜன்னலோரத்துக்குக்கூட நகர்ந்தேன். பெண்கள் மட்டும் ஏனோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சேவு கொறித்தார்கள்.

அழகுமீனாதான் தாங்க முடியாமல் வாய் திறந்தாள். "அண்ணே, அந்தக் காவல் ரூம்ல ராத்திரி ஃபேன் நல்லா சுத்துமா? எங்க வீட்டுக்காரரு வேர்வ தாங்க மாட்டாரு."

"சோலைமலை எதுக்குக் காவல் ரூமுக்கு வாராரு?"

அவள் சேவுப் பொட்டலத்தைப் பார்த்தாள். நான் பொன்மணியைப் பார்த்தேன்.

"இனிமே பேச மாட்டேன்னுதான சத்தியம் பண்ணுனேன்" என்றாள் பொன்மணி, என் மடியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து மடித்தபடி. "மேனேஜர்கிட்டப் பேசி முடிச்சது போன வாரம்."

வேன் முழுக்கச் சிரித்தது. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று, கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, மூச்சைக் கூட்டி, முழு பலத்தோடு ஊதினேன்.

தண்ணீர்தான் வந்தது.